மாற்றுச் சிறுநீரகமும் புற்றுநோயும்: எதில் எத்தனை மடங்கு?

கேள்வி · ஜனவரி 11, காலை

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் இரண்டு மூன்று மடங்கு என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. எதிர்ப்பு சக்தியை அடக்கும் மாத்திரைதான் காரணம் என்றால், ஐந்தாறு வருடம் ஓடி கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) நிலையாக இருப்பவர் டோஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவதுதானே சரி? அதற்குள் உடலுக்குப் புதுச் சிறுநீரகம் பழகியிருக்குமே.

குறிப்பு · ஜனவரி 11, மதியம்

தானாகக் குறைக்கவே கூடாது. உடல் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பழகிவிடும் என்று நம்பி இருக்க முடியாது. பத்து வருடம் கழித்தும் நினைவு டி செல்கள் (ஒருமுறை பார்த்த அந்நியத்தை மறக்காத எதிர்ப்பு செல்கள்) அதை அந்நியமாகத்தான் பார்க்கும். கிரியாட்டினின் நிலையாக இருப்பதே மாத்திரை வேலை செய்வதால்தான்.

குறைத்ததன் விளைவு உடனே கண்ணில் படாது என்பதுதான் இதில் மோசமான விஷயம். கொடையாளரின் எச்எல்ஏ-வுக்கு (செல்லின் மேலுள்ள அடையாளப் புரதம்) எதிரான ஆன்டிபாடி (டிஎஸ்ஏ என்பார்கள்) முதலில் ரத்தத்தில் தலைகாட்டும். கிரியாட்டினின் ஏறுவதற்கு அதன்பின் மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆகும். அப்போது பயாப்ஸி எடுத்தால் தழும்பு விழுந்த திசுதான் இருக்கும். அதை எந்த மருந்தாலும் திருப்ப முடியாது.

இன்னொன்றையும் யோசியுங்கள். திடீர் நிராகரிப்பு வந்தால் மெத்தில்பிரெட்னிசோலோன் 250 முதல் 500 மி.கி. வரை, மூன்று நாள் நரம்பு வழியாகப் போகும். அதற்கும் அடங்காவிட்டால் ஏடிஜி. அது டி செல்களையே அழிக்கும் மருந்து, பின்னால் நிணநீர்ப் புற்றுநோய்க்கான வாய்ப்பைக் கூட்டுவது. புற்றுநோய்க்குப் பயந்து தினசரி மாத்திரையில் அரை மில்லிகிராம் மிச்சம் பிடித்தவர், ஒரே வாரத்தில் அதைவிடப் பல மடங்கு அடக்குமருந்தை வாங்கிக்கொள்கிறார்.

டோஸைக் குறைக்க வேண்டிய நேரங்கள் உண்டு. அது தனிக் கதை, பிறகு எழுதுகிறேன்.

குறிப்பு · ஜனவரி 12

"இரண்டு மூன்று மடங்கு" என்பது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம். 2006-இல் ஆஸ்திரேலியப் பதிவேட்டை வைத்து வந்த ஆய்வு ஒரே நோயாளிக் கூட்டத்தை மூன்று கட்டமாகப் பிரித்தது. பொது மக்களோடு ஒப்பிட்டால் டயாலிசிஸுக்கு முன் 1.16 மடங்கு, டயாலிசிஸ் காலத்தில் 1.35, மாற்று அறுவைக்குப் பின் 3.27. தோலில் வரும் சாதாரண வகைகள் இந்தக் கணக்கில் சேரவில்லை. 2011-இல் வந்த அமெரிக்க ஆய்வு எல்லா உறுப்பு மாற்றுகளையும் சேர்த்து 1,75,732 அறுவைகளைப் பார்த்தது. அதில் மொத்த அபாயம் 2.1 மடங்கு.

இவை சராசரி. இந்த ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு பயப்படுவதும் தவறு, தைரியமாக இருப்பதும் தவறு. அதே அமெரிக்க ஆய்வைப் பிரித்துப் பார்த்தால் கப்போசி சார்கோமா (பெரும்பாலும் தோலில் தெரியும் ரத்த நாளப் புற்றுநோய்) 60 மடங்கைத் தாண்டும். நான்-ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) ஏழரை மடங்கு. சிறுநீரகப் புற்றுநோய் நாலரைக்கு மேல். நுரையீரல் இரண்டு. மார்பகமும் ப்ராஸ்டேட்டும் அதிகரிக்கவே இல்லை. தோலின் ஸ்குவாமஸ் செல் வகை வெள்ளைத் தோல்காரர்களிடம் 65 மடங்கு முதல் 250 மடங்கு வரை பல ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. பேசல் செல் வகை சுமார் பத்து மடங்கு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "எனக்கு எத்தனை மடங்கு" இல்லை, "எந்தப் புற்றுநோயில் எத்தனை மடங்கு".

குறிப்பு · ஜனவரி 12, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தால் ஒரு தவறான எண்ணம் வர இடமிருக்கிறது. மடங்கு பெரிதாக இருந்தால் நோயாளிகள் எண்ணிக்கையும் பெரிது என்று அர்த்தமில்லை. கப்போசி பொது மக்களிடம் மிக அரிது. அரிதானதை அறுபதால் பெருக்கினாலும் பல நாடுகளில் எண்ணிக்கை சிறிதாகவே நிற்கும். நுரையீரல் புற்றுநோய் இரண்டே மடங்கு, ஆனால் அடிப்படை எண்ணிக்கை பெரிது, உயிரையும் அதிகம் பறிக்கிறது. புகைபிடிக்கும் ஒருவர் மாற்று அறுவைக்குப் பின் தன் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கத் தானே செய்யக்கூடிய மிகப் பெரிய காரியம் புகைப்பழக்கத்தை நிறுத்துவது. டேக்ரோலிமஸ் என்ற அடக்குமருந்தின் ரத்த லெவலில் ஒரு புள்ளி குறைப்பதெல்லாம் அதன் பக்கத்தில்கூட வராது.

வாசகர் · ஜனவரி 13

அப்படியானால் மாற்று அறுவையே வேண்டாம், டயாலிசிஸிலேயே இருந்துவிடுகிறேன் என்று ஒருவர் சொன்னால்?

குறிப்பு · ஜனவரி 13

கணக்கு அவருக்கு எதிராகத்தான் வரும். 1999-இல் வந்த அமெரிக்க ஆய்வு, காத்திருப்போர் பட்டியலில் டயாலிசிஸோடு இருந்தவர்களையும் அதே பட்டியலிலிருந்து இறந்தவரின் சிறுநீரகம் பெற்றவர்களையும் ஒப்பிட்டது. நீண்ட கால மரண அபாயம் பெற்றவர்களிடம் 68% குறைவு. கூடும் புற்றுநோயையும் உள்ளடக்கிய கணக்கு அது. டயாலிசிஸில் இருப்பவரை முதலில் கொல்வது இதயமும் தொற்றும்.

குறிப்பு · ஜனவரி 14

ஏன் வருகிறது? "எதிர்ப்பு சக்தி குறைகிறது, புற்றுநோய் வருகிறது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான்.

மடங்கு அதிகம் ஏறும் புற்றுநோய்களின் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் பின்னால் ஒரு வைரஸ் இருக்கும். லிம்ஃபோமாவுக்கு எப்ஸ்டீன்-பார், கப்போசிக்கு எச்எச்வி-8, கருப்பை வாய், ஆசனவாய், பிறப்புறுப்புக்கு எச்பிவி, கல்லீரலுக்கு ஹெப்படைட்டிஸ் பி, சி, மெர்க்கல் செல் கட்டிக்கு மெர்க்கல் பாலியோமா. 2007-இல் எச்ஐவி நோயாளிகளையும் உறுப்பு மாற்று நோயாளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வந்தது. இரண்டு கூட்டத்துக்கும் வாழ்க்கை முறை வேறு, வயது வேறு. கூடிய புற்றுநோய்களின் வரிசை மட்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தது. இரண்டுக்கும் பொதுவானது டி செல் குறைபாடு மட்டுமே.

மறுபாதி, மருந்தே நேரடியாகச் செய்யும் வேலை. அசத்தயோப்ரின் என்ற அடக்குமருந்து உடைந்து வரும் 6-தயோகுவானின் டிஎன்ஏவுக்குள் போய் உட்காரும். அப்படி உட்கார்ந்த டிஎன்ஏ, புற ஊதா ஏ கதிரை உறிஞ்சிச் சேதமாகிறது. சாதாரண டிஎன்ஏ அந்தக் கதிரை அவ்வளவாக உறிஞ்சாது. ஆகவே அசத்தயோப்ரின் எடுப்பவர் ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாலும் பாதுகாப்பில்லை, ஏ கதிர் கண்ணாடியைக் கடந்து வரும். சைக்ளோஸ்போரின், டேக்ரோலிமஸ் என்ற அடக்குமருந்துகள் செல்லின் டிஎன்ஏ பழுதுபார்ப்பைத் தடுக்கின்றன. பூஞ்சைத் தொற்றுக்கு மாதக்கணக்கில் தரப்படும் வோரிகோனசோலும் தோல் புற்றுநோயைக் கூட்டும். அது தேவைப்பட்டவர் தோல் பரிசோதனை இடைவெளியைச் சுருக்க வேண்டும்.

மூன்றாவதாக, மாற்று அறுவைக்கு முன்பே சுமந்து வந்தது: டயாலிசிஸ் வருடங்கள். அதைப் பற்றி ஸ்கேன் பகுதியில் எழுதுகிறேன்.

வாசகர் · ஜனவரி 16

சிரோலிமஸ் என்ற அடக்குமருந்து புற்றுநோயைத் தடுக்கும் என்கிறார்களே. எல்லோரையும் அதற்கு மாற்றிவிட்டால் என்ன?

குறிப்பு · ஜனவரி 16

இந்தக் கேள்விக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, இரண்டு பக்கமும்.

சாதகமான பக்கம்: 2005-இல் கப்போசி வந்த 15 மாற்றுச் சிறுநீரக நோயாளிகளுக்குச் சைக்ளோஸ்போரினை நிறுத்தி சிரோலிமஸ் கொடுத்தார்கள். மூன்று மாதத்தில் எல்லோருடைய தோல் புண்களும் மறைந்தன, சிறுநீரகமும் தப்பியது. 2012-இல் ஏற்கெனவே ஸ்குவாமஸ் தோல் புற்றுநோய் வந்த 120 பேரிடம் நடந்த சோதனையில், சிரோலிமஸுக்கு மாறியவர்களில் 22% பேருக்குப் புதுக் கட்டி வந்தது. பழைய மருந்திலேயே இருந்தவர்களில் 39%. ஒரே ஒரு கட்டியோடு மாறியவர்களுக்குப் பலன் அதிகம். பல கட்டிகள் வந்தபின் மாறினால் பலன் தேய்ந்துபோகிறது.

பாதகமான பக்கம்: அதே சோதனையில் 23% பேர் பக்கவிளைவால் மருந்தை நிறுத்தினார்கள். 2014-இல் வந்த தொகுப்பாய்வு, சிரோலிமஸ் எடுத்தவர்களிடம் புற்றுநோய் 40% குறைந்ததையும், மரண அபாயம் 43% கூடியதையும் ஒரே கட்டுரையில் காட்டியது. ஆகவே புற்றுநோய் வராத ஒருவருக்குத் தடுப்பு என்ற பெயரில் மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. கப்போசி என்றால் தயங்கவே வேண்டாம். முதல் ஸ்குவாமஸ் கட்டி வந்தபோது பேச வேண்டும், ஐந்தாவது வந்தபின் அல்ல.

மாற்றும் முன் பார்க்க வேண்டியவை: சிறுநீரில் புரதம், ஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்), கொழுப்பு, நுரையீரல் பழைய நோய். புரதம் ஒரு நாளைக்கு 800 மி.கி.க்கு மேல் போகிறது, அல்லது ஜிஎஃப்ஆர் 40-க்குக் கீழே என்றால் மாற்றம் பெரும்பாலும் கெடுதலில் முடியும். புரதம் கிராம் கணக்கில் ஏறிவிடும். அறுவைக் காயம் ஆறாமல் இருக்கும்போதும் கூடாது. புற்றுநோய்க்கே அறுவை திட்டமிட்டிருந்தால் சிரோலிமஸைத் தற்காலிகமாக நிறுத்தி டேக்ரோலிமஸுக்குத் திரும்பி, காயம் ஆறியபின் மறுபடி தொடங்குவார்கள்.

வாய்ப்புண், கால் வீக்கம், ட்ரைகிளிசரைடு ஏற்றம் எல்லாம் சமாளிக்கக் கூடியவை. வறட்டு இருமலும் மூச்சுத்திணறலும் வந்து, தொற்று எதுவும் கிடைக்கவில்லை என்றால் அது சிரோலிமஸ் தரும் நுரையீரல் அழற்சியாக இருக்கலாம். நிறுத்தினால்தான் சரியாகும். ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றிக் கொடுத்து நாள் கடத்துவது ஆபத்து.

மருந்தாளர் ஒருவர் சேர்த்தது · ஜனவரி 17

லெவல் பார்ப்பதில் நடக்கும் தவறுகள் இங்கே வரட்டும். சிரோலிமஸ் உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 62 மணி நேரம் ஆகும். டோஸ் மாற்றி மூன்றாம் நாள் எடுத்த லெவலுக்கு மதிப்பில்லை, குறைந்தது ஒரு வாரம் போக வேண்டும். டேக்ரோலிமஸ் காலை மாத்திரையைப் போட்டுவிட்டு ரத்தம் கொடுத்தால் லெவல் பொய்யாக ஏறித் தெரியும், அதைப் பார்த்து டோஸைக் குறைத்துவிடுவார்கள். சைக்ளோஸ்போரினும் சிரோலிமஸும் சேர்ந்து போகும் நாட்களில் சிரோலிமஸை நான்கு மணி நேரம் கழித்தே எடுக்க வேண்டும்.

புற்றுநோய் சிகிச்சை தொடங்கும்போது வரும் மோதல்கள் இன்னும் முக்கியம். கீமோ வாந்திக்குத் தரும் அப்ரெபிட்டன்ட் டேக்ரோலிமஸ் லெவலை ஏற்றும். ப்ராஸ்டேட்டுக்குத் தரும் என்சலுடமைட் லெவலை இறக்கும், நிராகரிப்பு வரை கொண்டுபோகும். லிம்ஃபோமா சிகிச்சையின் தொடக்கத்தில் யூரிக் அமிலத்துக்காக அலோப்யூரினால் எழுதுவது வழக்கம். நோயாளி அசத்தயோப்ரினில் இருந்தால் அந்தச் சேர்க்கை எலும்பு மஜ்ஜையை முடக்கும், ஃபெபுக்சோஸ்டாட்டும் அப்படித்தான். வயிற்றுப்போக்கு வந்தாலும் டேக்ரோலிமஸ் லெவல் எகிறும். கீமோ வாரங்களில் கையோடு லெவல் எடுப்பது நல்லது.

குறிப்பு · ஜனவரி 17

அலோப்யூரினால் விஷயத்துக்கு நன்றி. சிறுநீரக மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் தனித்தனியாக எழுதும் இரண்டு சீட்டுகளும் தனித்தனியே சரியாகத்தான் இருக்கும், ஒன்றாக விழுங்கும்போதுதான் ஆபத்து.

குறிப்பு · ஜனவரி 20

தோல். எண்ணிக்கையில் முதலிடம் இதற்குத்தான், வெள்ளைத் தோல் நாடுகளில். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் மாற்று அறுவை செய்து 20 வருடம் ஆனவர்களில் 70% பேருக்குத் தோல் புற்றுநோய் வந்திருந்தது. பொது மக்களிடம் பேசல் செல் அதிகம், ஸ்குவாமஸ் குறைவு. மாற்று நோயாளிகளிடம் இந்த விகிதம் தலைகீழ். கட்டி வேகமாக வளரும், பக்கத்து நிணநீர்க் கணுவுக்குப் போகும் வாய்ப்பும் அதிகம்.

கருநிறத் தோலுக்கு இந்த எண்கள் பொருந்தாது, மொத்த அபாயம் மிகக் குறைவு. ஆனால் அதை நம்பித் தோலையே பார்க்காமல் விடுவது வேறு விபத்து. கருநிறத் தோலில் ஸ்குவாமஸ் கட்டி வெயில் படாத இடத்தில் வரும்: பிறப்புறுப்பு, ஆசனவாயைச் சுற்றி, முழங்காலுக்குக் கீழே, பழைய தீக்காயத் தழும்பில். முகத்தையும் கையையும் மட்டும் பார்த்துவிட்டு "தோல் சுத்தம்" என்று எழுதினால் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை. உடுப்பைக் களைந்து, உள்ளங்கால், விரலிடுக்கு, நகம், வாய்க்குள் மேலண்ணம் வரை பார்க்க வேண்டும். காலில் ஊதா அல்லது கரும்பழுப்புத் திட்டுகள், கூடவே ஒரு கால் மட்டும் வீக்கம் என்றால் கப்போசியை நினைக்க வேண்டும்.

எதைக் காட்ட வேண்டும் என்று கேட்டால்: நான்கு வாரத்தில் ஆறாத புண், தொட்டால் வலிக்கும் தடிப்பு, மேலே கொம்பு போலக் காய்ந்து நிற்கும் முடிச்சு, உதட்டிலோ காதிலோ செதில். மருக்கள் நிறைய இருப்பவரிடம் ஒரே ஒரு மரு மட்டும் வேகமாக வளர்ந்தாலோ கடினமானாலோ அதை எரித்துவிடாமல் பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும். எரித்துவிட்டால் உள்ளே என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஒன்றும் இல்லாதவருக்கு வருடம் ஒருமுறை. ஒரு கட்டி வந்துவிட்டால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை. பல வந்தவருக்கு 3 மாதம்.

சன்ஸ்க்ரீன் எஸ்பிஎஃப் 50, ஏ கதிரையும் தடுப்பதாக இருக்க வேண்டும். பரிசோதனைச் சாலையில் அந்த எண்ணைத் தருவது சதுர செ.மீ.க்கு 2 மி.கி. அளவு. பெரும்பாலோர் அதில் பாதிகூடப் பூசுவதில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக வரும். வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. வெயிலைத் தவிர்ப்பவருக்கு வைட்டமின் டி குறையும், அதையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசகர் · ஜனவரி 21

நிகோடினமைட் (வைட்டமின் பி3-இன் ஒரு வடிவம்) மாத்திரை தோல் புற்றுநோயைத் தடுக்கும் என்று படித்தேன். மருந்துச்சீட்டு இல்லாமலேயே கிடைக்கிறது.

குறிப்பு · ஜனவரி 21

படித்தது 2015-இல் வந்த ஆய்வாக இருக்கும். 500 மி.கி. தினம் இரண்டு வேளை, புதுக் கட்டிகள் 23% குறைந்தன. அதில் உறுப்பு மாற்று நோயாளிகள் இல்லை. மாற்று நோயாளிகளிடமே செய்த சோதனை 2023-இல் வந்தது: 158 பேர், பலன் தெரியவில்லை. ஆள் சேராததால் பாதியில் முடிந்த சோதனை என்பதால் "பலனே இல்லை" என்று அடித்துச் சொல்லவும் முடியாது. அதை நம்பிப் பூச்சையும் பரிசோதனையையும் விடுவதற்கு மட்டும் இடமில்லை. அசிட்ரெட்டின் (வைட்டமின் ஏ வகை மாத்திரை) பலன் தருகிறது, ஆனால் நிறுத்தினால் கட்டிகள் கூட்டமாகத் திரும்பும். கருத்தரிக்கக் கூடிய பெண்களுக்கு நிறுத்தியபின் மூன்று ஆண்டுகள் வரை கருத்தரிக்கவே கூடாது என்பதால் அவர்களுக்கு ஏறக்குறைய விலக்கு.

குறிப்பு · ஜனவரி 27

லிம்ஃபோமா பற்றித் தனியாக. உறுப்பு மாற்றுக்குப் பின் வரும் இந்த நிணநீர்ப் பெருக்கத்தை பிடிஎல்டி என்பார்கள். இஸ்ரேல் பென், தாமஸ் ஸ்டார்சல் என்ற அறுவை மருத்துவர்களின் குழு இதை 1969-இலேயே எழுதிவிட்டது. பென் 1968-இல் தொடங்கிய கட்டிகள் பதிவேடுதான் இந்தத் துறையின் முதல் தரவு. மாற்று அறுவையே அப்போது உலகம் முழுதும் சில ஆயிரம் பேருக்குத்தான் நடந்திருந்தது. அந்தக் கட்டத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டியையும் எழுதி வைக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

அபாயம் யாருக்கு அதிகம் என்பது அறுவைக்கு முன்பே தெரியும். பெறுபவருக்கு ஈபிவி (எப்ஸ்டீன்-பார் வைரஸ்) ஆன்டிபாடி இல்லை, கொடையாளருக்கு இருக்கிறது என்றால் அதுதான் மோசமான சேர்க்கை. குழந்தைகளிடம் இது சாதாரணம், ஏனென்றால் அவர்களில் பலருக்கு அந்த வைரஸ் இன்னும் வந்திருக்காது. இவர்களுக்கு ரத்தத்தில் ஈபிவி பிசிஆர்: முதல் வாரத்தில் ஒன்று, பின் 3 முதல் 6 மாதம் வரை மாதம் ஒன்று, பின் முதலாண்டு முடியும் வரை மூன்று மாதத்துக்கு ஒன்று, நிராகரிப்புக்குச் சிகிச்சை கொடுத்தால் மறுபடி. கேடிகோ (சிறுநீரக நோய்க்கான சர்வதேச அமைப்பு) வழிகாட்டி சொல்லும் அட்டவணை இது. பெலாட்டசெப்ட் என்ற அடக்குமருந்து ஊசியை ஈபிவி ஆன்டிபாடி இல்லாதவருக்குக் கொடுக்கவே கூடாது, மூளையில் பிடிஎல்டி வரும் அபாயம் உண்டு.

முதல் வருடம் ஒரு உச்சம், பல வருடம் கழித்து இன்னொன்று. பின்னால் வருவதில் பாதிக்கு ஈபிவி இருக்காது. ஆகவே பிசிஆர் சுத்தமாக இருப்பதை வைத்து எட்டாம் வருடக் காய்ச்சலைத் தள்ளிவிட முடியாது.

பிடிபடாமல் போவது ஏன்? கணு வீங்கி வரும் என்று எதிர்பார்க்கிறார்கள். கணுவுக்கு வெளியேதான் பல சமயம் வரும். குடலில் வந்தால் வயிற்றுப்போக்கு, ரத்தம், அடைப்பு. மாற்றுச் சிறுநீரகத்திலேயே வந்தால் கிரியாட்டினின் ஏறும், அதை நிராகரிப்பு என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் சில நாள் குறைந்ததுபோலத் தெரியும், பின் மோசமாகும். மூளையில் வந்தால் தலைவலி, குணமாற்றம், வலிப்பு. காரணம் தெரியாத காய்ச்சல் இரண்டு வாரம் தாண்டி எடையும் குறைந்து எல்டிஎச்சும் (செல்கள் சிதையும்போது ரத்தத்தில் ஏறும் நொதி) ஏறியிருந்தால் பெட் ஸ்கேன், பின் பயாப்ஸி. ஊசியில் உறிஞ்சிய செல்கள் போதாது. கணுவை முழுதாகவோ பெரிய துண்டாகவோ எடுத்து, திசுவில் ஈபிவி இருக்கிறதா என்று காட்டும் ஈபிஇஆர் சாயமும் போட வேண்டும்.

சிகிச்சையின் முதல் படி அடக்குமருந்தைக் குறைப்பது: மைக்கோஃபீனோலேட் (இன்னொரு அடக்குமருந்து) அல்லது அசத்தயோப்ரின் முழு நிறுத்தம், டேக்ரோலிமஸ் ஏறக்குறைய பாதி, பிரெட்னிசோலோன் தொடரும். 2 முதல் 4 வாரத்தில் பலன் பார்க்க வேண்டும். போதவில்லை என்றால் ரிட்டுக்சிமாப் (பி செல்களை அழிக்கும் ஊசி) 375 மி.கி. சதுர மீட்டருக்கு, வாரம் ஒன்றாக நான்கு. அதற்கும் முழுதாகப் போகாதவருக்கு கீமோ. வேகமாகப் பரவும் வகைக்கு நான்கு வாரம் காத்திருக்கக் கூடாது. ரிட்டுக்சிமாப் கொடுக்கும் முன் ஹெப்படைட்டிஸ் பி கோர் ஆன்டிபாடி பார்க்காமல் விட்டால், உறங்கிக்கிடந்த வைரஸ் எழுந்து கல்லீரலை அழிக்கும். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனைதான்.

வாசகர் · பிப்ரவரி 2

வருடாந்திரப் பரிசோதனைக்கு எதெல்லாம் கேட்க வேண்டும்? ட்யூமர் மார்க்கர் பேக்கேஜ் எடுத்தால் போதுமா?

குறிப்பு · பிப்ரவரி 2

ட்யூமர் மார்க்கர் பேக்கேஜ் வேண்டாம். சிஇஏ, சிஏ 125 போன்றவை சிறுநீரகச் செயல் குறைந்தவரிடம் புற்றுநோய் இல்லாமலே ஏறித் தெரியும். அதன்பின் மருந்து ஏற்றிய சிடி, எண்டோஸ்கோப்பி, இரண்டு மாதத் தூக்கமின்மை.

அதைவிட முக்கியம்: வயிற்று அல்ட்ராசவுண்ட் கேட்டால் பழைய சிறுநீரகங்களையும் பார்க்கச் சொல்லுங்கள். மாற்று அறுவையில் பெரும்பாலும் அவற்றை எடுப்பதில்லை, சுருங்கிப் பின்னால் கிடக்கும். டயாலிசிஸ் வருடம் கூடக் கூட அவற்றில் நீர்ப்பைகள் உருவாகி, அவற்றிலிருந்து புற்றுநோய் எழும். மாற்று நோயாளிகளின் சிறுநீரகப் புற்றுநோயில் பெரும்பகுதி புதுச் சிறுநீரகத்தில் இல்லை, இந்தப் பழையவற்றில்தான். ஸ்கேன் சீட்டில் "மாற்றுச் சிறுநீரகம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது இருக்கும் இடுப்புக்குழியைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். எல்லோருக்கும் வருடம் ஒன்று தேவையா என்பதில் வழிகாட்டிகள் ஒத்துப்போவதில்லை. டயாலிசிஸ் நீண்டவர், நீர்ப்பை ஏற்கெனவே தெரிந்தவர், குடும்பத்தில் சிறுநீரகப் புற்றுநோய் உள்ளவர் ஆகியோருக்குத் தேவை என்பது என் கருத்து.

வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம் வந்தால் காத்திருக்காதீர்கள். சைக்ளோபாஸ்ஃபமைட் முன்பு எடுத்தவர், வலி மாத்திரையால் சிறுநீரகம் போனவர், அரிஸ்டோலோக்கியா மூலிகையால் போனவர் ஆகியோருக்குச் சிறுநீர்ப் பாதைப் புற்றுநோய் பல மடங்கு. அந்த மூலிகையிலுள்ள அமிலம் சிறுநீரகத்தையும் கெடுத்து, சிறுநீர்ப் பாதை டிஎன்ஏவையும் கெடுக்கும். 1993-இல் பெல்ஜியத்தில் உடல் இளைக்கும் மருந்தில் அது கலந்து பலர் டயாலிசிஸுக்குப் போனபோதுதான் உலகம் கவனித்தது. பிகே வைரஸ் (மாற்றுச் சிறுநீரகத்தைத் தாக்கும் வைரஸ்) இருப்பவரின் சிறுநீரில் புற்றுநோய் செல் போலவே தோன்றும் செல்கள் வரும். ஆகவே செல் ஆய்வில் "சந்தேகம்" என்று வந்தால் பிகே பிசிஆரும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கருப்பை வாய்க்கு வருடம் ஒரு பேப் பரிசோதனை. எச்பிவி பரிசோதனையும் சேர்ந்து இரண்டும் சுத்தம் என்றால் மூன்று ஆண்டு இடைவெளி விடலாம். எச்பிவி தடுப்பூசி மூன்று டோஸ், முடிந்தால் மாற்று அறுவைக்கு முன்பே, அப்போதுதான் ஆன்டிபாடி நன்றாக எழும். ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசிக்கும் அதே நியாயம். ஹெப்படைட்டிஸ் பி இருப்பவர் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிரை நிறுத்தக் கூடாது. கல்லீரல் இறுகியவருக்கு ஆறு மாதத்துக்கொரு அல்ட்ராசவுண்ட். மார்பகத்துக்கும் பெருங்குடலுக்கும் மற்றவர்களுக்கு உள்ள அட்டவணையே.

வாசகர் · பிப்ரவரி 5

என் அக்காவுக்கு மூன்று வருடம் முன்பு மார்பகப் புற்றுநோய் முதல் கட்டத்தில் கண்டுபிடித்துக் குணமானது. இப்போது டயாலிசிஸ். மாற்று அறுவைக்கு வழியே இல்லையா?

குறிப்பு · பிப்ரவரி 5

இருக்கிறது. "ஐந்து வருடம் காத்திருங்கள்" என்று எல்லோருக்கும் ஒரே விடை சொல்வது பழைய பழக்கம். கேடிகோ 2020 வழிகாட்டியில் மார்பகம் ஆரம்பக் கட்டத்துக்குக் குறைந்தது 2 ஆண்டு, முற்றியதற்கு 5. தற்செயலாகக் கிடைத்த 3 செ.மீ.க்குக் குறைவான சிறுநீரகக் கட்டிக்கும், க்ளீசன் (கட்டியின் வீரியத்துக்கான மதிப்பெண்) 6 வரையிலான ப்ராஸ்டேட்டுக்கும் காத்திருப்பே இல்லை. க்ளீசன் 7 என்றால் 2 ஆண்டு, 8 அல்லது அதற்கு மேல் என்றால் 5. பெருங்குடல் டியூக்ஸ் ஏ, பி கட்டங்களுக்கு (கணுவுக்குப் பரவாதவை) 2 ஆண்டு. இது புற்றுநோய் முழுதாக நீங்கிய நாளிலிருந்து எண்ணுவது. டயாலிசிஸில் ஒவ்வொரு வருடமும் உயிருக்கு விலை வாங்குகிறது, தேவையில்லாத காத்திருப்பும் பாதுகாப்பு ஆகாது. அக்காவின் பழைய பயாப்ஸி அறிக்கை, கட்டி அளவு, கணு எண்ணிக்கை, ஹார்மோன் ரிசெப்டர், சிகிச்சை முடிந்த தேதி ஐந்தையும் எடுத்துக்கொண்டு, புற்றுநோய் மருத்துவரிடம் எழுத்தில் கருத்து வாங்கி மாற்று அறுவைக் குழுவிடம் கொடுங்கள்.

குறிப்பு · பிப்ரவரி 9

கொடையாளரிடமிருந்தே புற்றுநோய் வருமா என்று கேட்டு வந்திருக்கிறது. வரும், மிக அரிது, பத்தாயிரத்தில் ஒருசில. 2003-இல் வெளியான கிளாஸ்கோ நிகழ்வு இதற்குப் பெயர்போனது: கொடையாளருக்கு 16 வருடம் முன்பு மெலனோமா (வேகமாகப் பரவும் தோல் புற்றுநோய்) எடுத்துக் குணமானதாகக் கருதப்பட்டது, அவருடைய இரண்டு சிறுநீரகங்களைப் பெற்ற இருவருக்கும் மெலனோமா வந்தது. அதனால்தான் மெலனோமா வந்தவர் கொடையாளராவதில் அவ்வளவு தயக்கம்.

இதில் சிறுநீரகத்துக்கு மட்டும் ஒரு வாய்ப்பு உண்டு. கொடையாளரின் புற்றுநோய் செல் பெற்றவரின் உடலுக்கு அந்நியம். மாற்றுச் சிறுநீரகத்தை எடுத்துவிட்டு அடக்குமருந்தை நிறுத்தினால் உடலே அந்தக் கட்டியை நிராகரித்துக் கரைத்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன. இதயம் மாற்றியவருக்கு இந்த வழி இல்லை. சிறுநீரகம் மாற்றியவருக்கு டயாலிசிஸ் இருக்கிறது.

குறிப்பு · பிப்ரவரி 15

ஜனவரி 11-இல் பாக்கி வைத்தது: குறைக்க வேண்டிய நேரம் எது?

வைரஸ் பின்னால் இருக்கும் புற்றுநோய் என்றால் குறைப்பதே சிகிச்சையின் பகுதி. சிறுநீரகம் செயலிழந்து மறுபடி டயாலிசிஸுக்குப் போய் அடக்குமருந்து குறைந்தவர்களை 2010-இல் ஆஸ்திரேலியாவில் பார்த்தார்கள். லிம்ஃபோமா, உதடு போன்றவற்றின் அபாயம் இறங்கியது. நுரையீரல் இறங்கவில்லை. சிறுநீர்ப் பாதையும் தைராய்டும் ஏறின. ஆகவே நுரையீரல் கட்டி வந்தவருக்கு மாத்திரையை வெட்டினால் கட்டிக்கு ஒன்றும் ஆகாது, சிறுநீரகத்தை மட்டும் இழக்க நேரும்.

குறைக்கும் முறையிலும் வரிசை உண்டு. முதலில் மைக்கோஃபீனோலேட் அல்லது அசத்தயோப்ரின். பின் டேக்ரோலிமஸ் லெவலை இறக்குவது, அல்லது சிரோலிமஸுக்கோ அதே வகையான எவரோலிமஸுக்கோ மாறுவது. பிரெட்னிசோலோன் 5 மி.கி. கடைசிவரை நிற்கும், திடீரென நிறுத்தினால் அட்ரினல் சுரப்பி விழித்திருக்காது, ரத்த அழுத்தம் சரியும். ஒரு சமயம் ஒரு மருந்தை மட்டும் மாற்ற வேண்டும். தொடக்கத்தில் வாரம் ஒரு கிரியாட்டினின், சிறுநீர்ப் புரதம், சில மாத இடைவெளியில் டிஎஸ்ஏ.

இப்போது அதிகம் கேட்கப்படும் இம்யூனோதெரபி, அதாவது செக்பாயிண்ட் தடுப்பு மருந்துகள், டி செல்லின் பிரேக்கைக் கழற்றுபவை. கழற்றினால் அது கட்டியை மட்டும் தேர்ந்து தாக்காது. பல மையங்களின் தரவில் மாற்றுச் சிறுநீரகம் உள்ளவர்களில் பத்தில் நான்கு பேருக்கு நிராகரிப்பு வந்தது, அதில் பெரும்பாலோர் சிறுநீரகத்தை இழந்தார்கள். 2024-இல் ஒரு சிறு சோதனை: முற்றிய தோல் புற்றுநோய் உள்ள 12 சிறுநீரக மாற்று நோயாளிகளுக்கு இந்த வகை மருந்தான செமிப்ளிமாப், கூடவே எவரோலிமஸ் அல்லது சிரோலிமஸ், ஒவ்வொரு சுற்றுக்கும் முன்பின் கூடுதல் பிரெட்னிசோன். நிராகரிப்பு ஒருவருக்கும் வரவில்லை, ஏறக்குறைய பாதிப் பேரின் கட்டி சுருங்கியது. 12 பேர் என்பது சின்னக் கூட்டம். ஆனால் சிறுநீரகமா உயிரா என்று தேர்ந்தெடுக்கச் சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் இது பெரிய செய்தி. இந்த மருந்தை யாராவது உங்களுக்கு எழுதினால், முதல் ஊசிக்கு முன் அடக்குமருந்துத் திட்டம், கிரியாட்டினின் பார்க்கும் நாட்கள், ஏறினால் யாரை அழைப்பது, டயாலிசிஸுக்குத் திரும்ப நீங்கள் சம்மதமா, இந்த நான்கையும் இரு மருத்துவர்களும் ஒரே தாளில் எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள்.